டாக்கா காலரா ஆஸ்பத்திரியின் தலைமை நாற்காலி

2021 பிப்ரவரி 1ஆம் தேதி டாக்காவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் புதிய நிர்வாக இயக்குநர் பொறுப்பேற்றார். பெயர் தாஹ்மீத் அஹ்மத். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றிய ஆராய்ச்சியில் உலக அளவில் பெயர் வாங்கியவர். அதே நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். இதில் என்ன செய்தி என்றால், நிறுவனம் தொடங்கி அப்போது 60 வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் வங்கதேசத்தவர் அவர்தான்.

நிறுவனத்தின் பெயர் ஐசிடிடிஆர்பி. விரித்துச் சொன்னால் 'சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையம், வங்கதேசம்'. டாக்கா ஜனங்களுக்கு இந்த நீளப் பெயரெல்லாம் தேவையில்லை; மொஹாகாலியில் இருக்கும் 'காலரா ஆஸ்பத்திரி', அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு லட்சம் நோயாளிகளுக்கு மேல் இலவச சிகிச்சை. ஏழை நாட்டில் ஏன் குழந்தைகள் அதிகம் சாகிறார்கள், பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் சாவில் என்ன வித்தியாசம், ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் என்ன வித்தியாசம் என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய இடம். அந்த ஏற்றத்தாழ்வை அளந்த நிறுவனம், தன் தலைமைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொண்டுவர 60 வருஷம் எடுத்துக்கொண்டது. ஏன்?

'காலனியம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். கொஞ்ச நாளாக இதன் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்குள் விஷயம் அடங்கவில்லை.

தொடக்கமே பனிப்போரில்தான். 1954ல் அமெரிக்கா தலைமையில் சீட்டோ என்றொரு ராணுவக் கூட்டணி உருவானது. பாகிஸ்தானும் உறுப்பினர். தென்கிழக்கு ஆசியாவில் அமெரிக்கப் படைகள் நடமாடும். அங்கே காலரா வந்தால் என்ன செய்வது என்ற கவலையும் ஏழை நாடுகளுக்கு மருத்துவ உதவி செய்து நல்ல பெயர் வாங்கும் ஆசையும் சேர்ந்து 1960ல் டாக்காவில் 'பாகிஸ்தான்-சீட்டோ காலரா ஆராய்ச்சிக்கூடம்' பிறந்தது. கிழக்கு வங்கம் காலராவின் தாய்வீடு. நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பணமும் தலைமையும் அமெரிக்காவிலிருந்து வந்தன, நோயாளிகளும் கீழ்நிலை ஊழியர்களும் உள்ளூரிலிருந்து.

1960களின் நடுவில் இதன் இயக்குநராக வந்தவர் ராபர்ட் ஃபிலிப்ஸ். அமெரிக்கக் கடற்படை மருத்துவர். காலராவில் ஆளைக் கொல்வது கிருமி நேரடியாக அல்ல, உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். அதை நரம்பு வழியாகத் திருப்பி ஏற்றினால் ஆள் பிழைப்பார். நம்ம ஊரில் 'ட்ரிப்ஸ் ஏத்துறது' என்கிறோமே, அதேதான். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைத் துல்லியமாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபிலிப்ஸ். 1967ல் இவருக்கு லாஸ்கர் விருதும் கிடைத்தது.

ஆனால் ட்ரிப்ஸுக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். படகில் போனால் அரை நாள் ஆகிற கிராமத்தில் இது எதுவும் கிடையாது. ஆக, சிகிச்சை கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அது எட்டாது. பின்னாளில் இந்த நிறுவனம் ஆராய்ந்த ஏற்றத்தாழ்வு முழுக்க இந்த ஒரு பாட்டிலுக்குள் இருக்கிறது என்று தோன்றும் எனக்கு.

வாய் வழியாகக் குடிக்கக் கொடுக்க முடிந்தால்? ஃபிலிப்ஸே அதை யோசித்தவர்தான். 1962ல் மணிலாவில் சர்க்கரை-உப்புக் கரைசலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கரைசலில் உப்பின் அளவு கூடிப்போனது. நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அந்தச் சாவுகள் அவரை விட்டுப் போகவில்லை. டாக்காவுக்கு இயக்குநராக வந்த பிறகு, இளம் டாக்டர்கள் யாராவது வாய்வழிக் கரைசல் பற்றிப் பேசினால் தயங்கினார். 1966-67ல் நார்பர்ட் ஹிர்ஷ்ஹார்ன் என்ற இளைஞர், எட்டே நோயாளிகளுக்கு, குழாய் வழியாக வயிற்றுக்குள் கரைசலைச் செலுத்திப் பார்க்க அனுமதி வாங்குவதற்குள் பெரும்பாடு பட்டார். குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பை உறிஞ்சுகிறது, உப்போடு தண்ணீரும் உள்ளே போகிறது என்று அந்தச் சோதனை காட்டியது.

இந்தத் தயக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது? ஃபிலிப்ஸை வில்லனாக எழுதுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கையால் நடந்த சோதனையில் ஆட்கள் செத்ததைப் பார்த்த தலைவர் ஜாக்கிரதையாக இருந்தார், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஜாக்கிரதைக்கு வேறு யாரோ விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்கா வார்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு ட்ரிப்ஸ் உண்டு. கிராமத்தில் கிடப்பவனுக்குக் கரைசல்தான் ஒரே வழி. இயக்குநரின் கண்ணில் படுவது முதல் ஆள் மட்டுமே. நிறுவனத் தலைமை என்ற விஷயத்தில் நான் முக்கியமாகக் கவனிப்பது இதைத்தான்: நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறதோ அங்கிருந்து தெரிகிற நோயாளிதான் கணக்கில் வருவார்.

அடுத்து வந்தவர்கள் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ். இருவருக்கும் 26, 27 வயது. வியட்நாம் போருக்குப் போவதற்குப் பதிலாக அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்து கிழக்கு பாகிஸ்தானுக்கு வந்தவர்கள். சிட்டகாங் பக்கம் நடந்த ஒரு வாய்வழிச் சோதனை தோற்றிருந்தது. ஏன் தோற்றது என்று பார்த்த நாலினுக்கு விஷயம் பிடிபட்டது. கரைசலில் தப்பில்லை, நோயாளி இழக்கிற அளவுக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே போக வேண்டும்.

அளப்பதற்கு அங்கே அருமையான கருவி ஒன்று இருந்தது: காலரா கட்டில். நடுவில் ஓட்டை போட்ட கான்வாஸ் கட்டில், கீழே அளவுக்கோடு போட்ட வாளி. வாளியில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்து அவ்வளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். 1968ல் டாக்காவில் இரவும் பகலும் மாறி மாறி நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து இதை நடத்தினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. வாய்வழிக் கரைசல் குடித்தவர்களுக்கு ட்ரிப்ஸ் தேவை 80 சதவீதம் குறைந்தது. இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற ஓஆர்எஸ் பாக்கெட்டின் மூதாதை அந்தக் கரைசல்.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்க. நாலின், கேஷ், ஆர். இஸ்லாம், எம். மொல்லா, ஃபிலிப்ஸ். கடைசிப் பெயர் இயக்குநர். தயங்கினாலும் அனுமதி கொடுத்தார், பெயரையும் போட்டார். நடுவில் இருக்கும் இரண்டு பெயர்கள்? ரஃபிகுல் இஸ்லாமும் மொல்லாவும் உள்ளூர் டாக்டர்கள். நோயாளியிடம் அவர் மொழியில் பேசி, இந்தத் தண்ணியைக் குடிங்க, வாந்தி வந்தாலும் குடிங்க என்று சொல்ல வேண்டிய வேலையில் வங்காளி தெரிந்தவர்கள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. 2002ல் அமெரிக்காவில் ஓஆர்எஸ்ஸுக்காக போலின் பரிசு நான்கு பேருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த நால்வரில் டாக்காவின் உள்ளூர் டாக்டர் ஒருவரும் இல்லை. ரஃபிகுல் இஸ்லாமை ஓஆர்எஸ் கண்டுபிடித்தவராக வங்கதேசத்தில் கொண்டாடுகிறார்கள். வெளியே அந்தப் பெயர் தெரிந்தவர் குறைவு.

இன்னும் பின்னால் போனால் இதைவிட உறுத்தலான கதை இருக்கிறது. 1953லேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற டாக்டர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பு, குளுக்கோஸ், தண்ணீர் கொடுத்துக் குணப்படுத்தியதாக அதே லான்செட்டில் எழுதினார். கூடவே கற்பூரவல்லி இலைச்சாறும் கொடுத்தார். நம்ம வீட்டுத் தொட்டியில் இருக்கிற அதே செடி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, எவ்வளவு உள்ளே எவ்வளவு வெளியே என்ற கணக்கு இல்லை. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முறைப்படி பார்த்தால் அந்த ஆட்சேபணை நியாயம்தான். ஆனால் சரியாகச் செய்து பார்ப்போம் என்று அன்றைக்கு ஒருவர் கிளம்பியிருந்தால் 15 வருஷம் மிச்சம். எத்தனை உயிர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1971 போரில் வங்காள அகதிகள் இந்தியாவுக்குள் கொட்டினார்கள். பன்காவ் முகாமில் ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடாவைப் பெரிய டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இந்தக் கதை பலரும் எழுதியது. 2023ல் அவர் மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் கொடுத்தபோது தமிழ்ப் பத்திரிகைகளிலும் வந்தது. அதனால் விரிக்கவில்லை.

எனக்கு அதிகம் சுவாரஸ்யமானது மத்லப். டாக்காவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், ஆறும் வாய்க்காலுமான பகுதி. ஆங்கிலத்தில் எழுதினால் நாங்கள் பொறியியல் படிப்பில் அழுத கணித மென்பொருளின் எழுத்துகளேதான். தேடினால் முதல் பத்துப் பக்கம் அந்த மென்பொருள்தான் வரும். பொறுமை வேண்டும்.

1963ல் அங்கே காலரா தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. யார் ஊசி போட்டுக்கொண்டார், யாருக்கு நோய் வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டையும் ஆளையும் எண்ண வேண்டும். அந்த ஊசி பெரிதாகப் பயன்படவில்லை. எண்ணுகிற வேலை மட்டும் நின்றுவிட்டது. 1966லிருந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஊர்விட்டு ஊர் போவது எல்லாம் பதிவு. ஆளுக்கொரு எண். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு லட்சம் பேருக்கு மேல் உள்ள ஒரு டேட்டாபேஸ். பிரைமரி கீ பிசகாமல் ஐம்பது அறுபது வருஷம் ஓடியிருக்கிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தில், உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாக நடந்து எழுதியது. ஏழை நாடு ஒன்றில் இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு நம்பகமான மக்கள்தொகைப் பதிவு உலகத்தில் மிக அரிது. 1971 போரிலும் பதிவு முற்றாக அறுந்துபோகவில்லை. அந்த வருஷம் மத்லபில் சாவு எவ்வளவு கூடியது, முக்கியமாகக் குழந்தைகளும் முதியவர்களும் எவ்வளவு இறந்தார்கள் என்று பின்னால் ஆய்வுக் கட்டுரை எழுத முடிந்தது இந்தப் பதிவேட்டால்தான். யுத்தத்தில் செத்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஆள் ஒரு எண்ணிக்கை சொல்லும் இடத்தில், ஒரு சின்னப் பகுதிக்காவது சரியான கணக்கு இருக்கிறது.

1981ல் லிங்கன் சென், எம்தாதுல் ஹக், ஸ்டான் டிசோசா மூவரும் இந்தப் பதிவேட்டை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். என் பார்வையில் இந்த நிறுவனத்திலிருந்து வந்த எழுத்துகளிலேயே கனமானது அது. மத்லபில் வயிற்றுப்போக்கு சிகிச்சை இலவசம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரப் படகும் இலவசம். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வருவது ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் 66 சதவீதம் அதிகம். கடுமையான ஊட்டச்சத்துக் குறை பெண் குழந்தைகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பணம் தடை இல்லை, தூரம் தடை இல்லை, மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். இருந்தும் பெண் குழந்தை வந்து சேரவில்லை. வார்டில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு இது தெரியவே தெரியாது. வந்த குழந்தையை அவர் காப்பாற்றிவிடுவார், வராத குழந்தையை எப்படிப் பார்ப்பார்? வீடு வீடாகப் போய் எழுதிய அந்தப் பெண்களின் நோட்டில்தான் வராத குழந்தை இருக்கிறாள். ஆஸ்பத்திரி என்ற நிலையிலிருந்து இந்த நிறுவனம் ஏற்றத்தாழ்வைப் படிக்கிற நிலைக்கு நகர்ந்தது இந்த இடத்தில்தான் என்பேன். அந்த நகர்வு இயக்குநர் மாறியதால் வரவில்லை, பதிவேட்டால் வந்தது.

அதே மத்லபில் இன்னொரு பக்கமும் உண்டு. 1977ல் ஏறக்குறைய பாதிக் கிராமங்களுக்கு வீடு தேடிப் போய்க் குடும்பக் கட்டுப்பாடும் தாய்-சேய் நலச் சேவையும் கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களுக்கு அரசின் வழக்கமான சேவை மட்டும். எங்கள் வேலையில் தினமும் செய்கிற ஏ/பி டெஸ்ட்தான். நாங்கள் பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்ப்போம்; இங்கே பி பக்கத்தில் இருந்தது ஊர்கள். விஞ்ஞானமாகப் பார்த்தால் பொக்கிஷம். வங்கதேசத்தின் குடும்ப நலத் திட்டத்துக்கே அதன் முடிவுகள் வழிகாட்டின. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவிடம் யார் என்ன சொன்னார்கள் என்ற கேள்வி படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

இப்போது நாற்காலிக்கு வருவோம். 1977ல் சீட்டோ கலைந்தது. காலரா ஆராய்ச்சிக்கூடத்துக்கு எதிர்காலம் என்ன? 1978ல் வங்கதேச அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அதைச் சர்வதேச நிறுவனமாக்கியது. பஞ்சமும் ஆட்சிக் கவிழ்ப்பும் பார்த்து நொந்து போயிருந்த ஒரு புது நாடு, தன் மண்ணில் இருக்கும் நிறுவனத்தை, இது எங்களுக்கு மட்டும் வேண்டாம், உலகத்துக்கு இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தது. பல நாட்டவர் கொண்ட அறங்காவலர் குழு, அதில் வங்கதேச அரசு நியமிக்கிறவர்களும் உண்டு. பல நாடுகளின் நிதி. ஐ.நா. அமைப்புகளைப் போலவே சர்வதேசப் பணியிடம், உள்ளூர்ப் பணியிடம் என இரண்டு அடுக்கு.

காலனியம் என்ற ஒற்றை வார்த்தை போதாது என்று சொன்னது இதனால்தான். அந்தச் சட்டம் இல்லாமல் போயிருந்தால் அமைச்சரகத்தின் ஒரு மூலையில் இன்னொரு துறையாக அது முடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. 'சர்வதேச' என்ற சொல் அதைக் காப்பாற்றியது. அதே சொல் உள்ளூர்க்காரரை நாற்காலியிலிருந்து தள்ளியும் வைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வில்லியம் கிரீனோ, எத்தியோப்பியாவின் டெமிஸ்ஸி ஹப்டே, மறுபடி ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து டேவிட் சாக், மெக்ஸிகோவின் அலெஹாண்ட்ரோ கிரவியோட்டோ, அமெரிக்காவின் ஜான் கிளெமென்ஸ் என்று வந்தார்கள். மோசமான ஆட்கள் இல்லை. கிளெமென்ஸ் 1985ல் மத்லபில் 60,000 பேருக்கு மேல் வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து கொடுத்துச் சோதித்த குழுவின் முக்கியமான ஆள். எத்தியோப்பியரும் மெக்ஸிகோக்காரரும் ஏழை, நடுத்தர நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் நிதி கொடுப்பவரோடு அவர் மொழியில், அவர் பழக்கத்தில் பேசத் தெரிந்தவரே தலைவராகத் தகுதியானவர் என்ற சொல்லாத விதி ஒன்று இருந்தால், உள்ளூரில் எவ்வளவு பெரிய விஞ்ஞானி இருந்தாலும் பட்டியலின் மேலே வரமாட்டார்.

உள்ளூர்க்காரர்களுக்குத் திறமை போதவில்லை என்று யாராவது சொன்னால் பிராக்கைக் காட்டலாம். 1980லிருந்து 1990 வரை அந்த உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்குப் போய், அம்மாக்களுக்கு வீட்டிலேயே கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பாக்கெட் வாங்கக் காசு வேண்டாம். கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம், அவர் போன வீடுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் இல்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்டால் அம்மா எத்தனை விஷயம் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதை வைத்து. இப்படி ஒரு சம்பளத் திட்டத்தை யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம். காலரா ஆஸ்பத்திரியில் நிரூபித்ததை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த வேலைதான். அரிசி மாவில் செய்த கரைசலும் வேலை செய்யும் என்று பின்னால் டாக்கா ஆய்வாளர்கள் காட்டினார்கள். உப்புப் போட்ட கஞ்சி குடித்து வளர்ந்த நமக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

2021ல் தாஹ்மீத் அஹ்மத் வந்த வருஷமே, அதே நிறுவனத்தின் ஃபிர்தௌசி காத்ரிக்குக் காலரா, டைபாய்டு தடுப்பு மருந்து வேலைக்காக மகசேசே விருது கிடைத்தது. மறு வருஷம் மார்ச், ஏப்ரலில் டாக்காவில் வயிற்றுப்போக்கு வெடித்தது. ஒரு நாளைக்கு 1,300 நோயாளிகள் வரை வந்தார்கள். நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதிகம். வாசலில் கூடாரம் போட்டுக் காலரா கட்டில்களை வரிசையாகப் போட்டார்கள். வந்த யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அங்கே பழைய விதி.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அமெரிக்கப் பணத்தில் ஓடிய திட்டங்கள் நின்றன. ஐசிடிடிஆர்பியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். 1960ல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்த அதே நாட்டின் பணம். அது நின்றபோது ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை 60 வருஷம் கழித்து வந்த முதல் வங்கதேச இயக்குநரின் மேஜையில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. மத்லபில் இன்னும் வீடு வீடாகப் போய் எழுதுகிறார்கள், இப்போது கையில் டேப்லெட்டோடு.